மூன்றாம் மாடிக்கு ஒரு கேன்

நொடிக்கு இருபத்து நாலு ஃபிரேம்.
ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால்
பன்னிரண்டு படம் போதும்
ஒரு ஆளை நடக்கவைக்க.
போதும் என்று நோட்டில் எழுதி
அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.
போதவில்லை.

சாலிகிராமம்,
மெட்ரோக்காரர்களின் தகரத் தடுப்புக்குப் பின்னால்
இரண்டு மேஜையும் ஒரு ஃபேனும் உள்ள அறை.
மூன்றாம் மாடி.
லிஃப்ட் வரும் என்று சொன்ன குழிக்குள்
வீட்டுக்காரரின் உடைந்த ஏர்கூலர்.

என் ஆள் நடக்கிறான்.
தலை முட்டை, உடம்பு மாவு மூட்டை,
முகம் இன்னும் வைக்கவில்லை.
குதிகால் தொடுகிறது, உடல் தாழ்கிறது,
கால் காலைக் கடக்கிறது, உடல் எழுகிறது.
நாலும் சரி.
ஆனாலும் பாதம் வழுக்குகிறது
எண்ணெய் கொட்டிய பஸ் டெப்போவில் போல.
இரண்டு கையும் ஒரே அளவு வீசுகின்றன,
குடியரசு தினத்துக்கு ஒத்திகை பார்க்கிறான் போலும்.
ரெஜினா எட்டிப் பார்த்தாள்.
"கொடியில காயுற சட்டை" என்றாள்.
டிபன் பாக்ஸுக்குத் திரும்பிவிட்டாள்.

ஜன்னலுக்குப் போனேன்.
நேற்றைய மழை தெருவில் அப்படியே நின்றது.
யாரோ போட்டுவைத்த செங்கற்கள் மேல்
ஒருத்தி ஆபீஸ் பையை நெஞ்சோடு அணைத்துத் தாண்டினாள்.
அடுத்த கல்லை நுனிக்காலால் தொட்டு
நம்பலாமா என்று கேட்கிறாளே,
அது எத்தனை ஃபிரேம்?
எண்ணுவதற்குள் ஆட்டோ மறைத்துவிட்டது.

பதினொன்றரைக்குப் படிக்கட்டில் சத்தம்.
தொப். அரைத் தொப். தொப். அரைத் தொப்.
ஏழுமலை, இடது தோளில் இருபது லிட்டர்.
"அண்ணே, இன்னொரு வாட்டி ஏறி வர்றீங்களா?
போன்ல எடுத்துக்கணும்."
அவர் ஏன் என்று கேட்கவில்லை.
"கேனோடவா, காலியாவா?" என்றார்.

போனைத் தூக்கியதும் மாப்பிள்ளை நடை.
வயிற்றை உள்ளிழுத்து, நெஞ்சை நிமிர்த்தி,
கேன் ஏதோ பூமாலை என்பதுபோல் ஏறி வந்தார்.
சிரித்தார். வியர்த்தார்.
வீடியோ குப்பை.
நன்றி சொல்லி, இருபது ரூபாய் கூடக் கொடுத்து
போனைச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகுதான் பார்த்தேன்.
காலிக் கேன் வலது கையில் கழுத்தோடு தொங்க
அவர் இறங்குகிறார்;
இடது தோள் இன்னும் தூக்கியே இருக்கிறது,
தலை வலப்பக்கம் ஒதுங்கி
அங்கே இல்லாத கேனுக்கு இடம் விட்டுக்கொண்டு.
முதல் வளைவு. இரண்டாம் வளைவு.
தெருவில் இறங்கியும் நேராகவில்லை.

எல்லாவற்றையும் அழித்தேன்.
இந்த முறை இடுப்பிலிருந்து தொடங்கினேன்.
ஒரே ஒரு சாய்ந்த கோடு,
கால்கள் அதற்குப் பிறகு.
தாழ்கிற இடத்தில் ஒரு படம் கூட்டினேன்,
பதின்மூன்று ஆனது, ஆகட்டும்.
ஒரு கை வீசியது,
மறு கை உடம்பைவிட்டுச் சற்றே விலகி
காற்றைப் பிடித்துக்கொண்டது.
கேன் மட்டும் வரையவில்லை.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு
புறப்பட்ட ரெஜினா நின்றாள்.
"என்ன தூக்கிட்டுப் போறான்?"
"ஒண்ணுமில்ல."
"சும்மா சொல்லாத."
குனிந்து திரையின் ஓரத்தைத் தேடினாள்,
மறைத்து வைத்திருப்பேன் என்று.

கடைசிப் படம் முதல் படத்தில் போய் ஒட்டுகிறது.
ஏறவுமில்லை இறங்கவுமில்லை, நடக்கிறான்.
ராத்திரி ஸ்டாண்டில் தண்ணீர் தீர்ந்தது.
புதுக் கேனைக் கவிழ்க்க நானே தூக்கினேன்.
பாதிச் சட்டை நனைந்தது.
முட்டி ஒருமுறை மடிந்து நிமிர்ந்து
தெளிவாகச் சொன்னது:
இடுப்பை இன்னும் கொஞ்சம் இறக்கு.